பத்திரப் பையில் ஒரு பூங்கா

"தினமும் அரை மணி நேரம் நடக்கணும் பாட்டி. மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதியை உங்க கால்தான் செய்யணும்" என்று டாக்டர் சொன்னதும், என் மாமியார் பட்டென்று கேட்டார்: "நடக்கிறேன் டாக்டர். எங்கே நடக்கிறது?"

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் இருப்பது சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகர். வீட்டுக்கு முன்னால் இருபதடி ரோடு. அதில் இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கும். நடுவில் மிச்சமிருக்கும் இடத்தில் தண்ணீர் லாரி, ஸ்கூல் வேன், மோட்டார் பைக், மாடு எல்லாம் போக வேண்டும். அந்த ரோட்டில்தான் அத்தை நடக்கத் தொடங்கினார். சரியாகப் பதினோராம் நாள் ஒரு பைக் உரசிவிட்டுப் போனது. கீழே விழுந்து கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

மாதவிடாய் நின்ற பிறகு நம் எலும்புகளின் வலு குறைகிறது என்பது தெரிந்த விஷயம்தான். அறுபத்தெட்டு வயதில் ஒரு சின்ன விழுதல் கூடப் பெரிய செலவில் கொண்டுவிடும். ஆனால் பணத்தைவிட எனக்குக் கவலை தந்தது வேறு. கட்டு பிரித்த பிறகும் அத்தை வாசற்படி தாண்ட மறுத்துவிட்டார். "எனக்கு எதுக்கும்மா வாக்கிங்? இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது.

இத்தனைக்கும் எங்கள் தெருக்கோடியிலேயே பெரிய காலி இடம் ஒன்று உண்டு. எல்லோரும் அதை 'புதர்' என்போம். சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். ஒரு ஓரத்தில் யாரோ ஒரு காண்ட்ராக்டர் தகரக் கொட்டகை போட்டு சிமென்ட் மூட்டை அடுக்கியிருந்தார். இன்னொரு ஓரம் குப்பை. ரோட்டை ஒட்டினாற்போல் நாலைந்து கார்கள் நிற்கும். அது யாருடைய இடம் என்று பதினெட்டு வருஷமாக நான் கேட்டதே கிடையாது. யாரோ வெளியூர்க்காரர் வாங்கிப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீலத் தாளில் நாலு எழுத்து

2021-இல் மாடியில் ஒரு அறை எழுப்ப வங்கிக் கடனுக்கு அலைந்தோம். வீட்டுப் பத்திரங்களை எல்லாம் கேட்டார்கள். பீரோவின் அடித்தட்டிலிருந்து பத்திரப் பையை எடுத்து, என் கணவர் கூடத்தில் பரப்பி வைத்தார். அதில் மடித்து மடித்துக் கிழிகிற நிலையில் ஒரு நீலத் தாள். எங்கள் நகரை மனை பிரித்தபோது போட்ட வரைபடம், 1988-ஆம் வருஷத்தது. அதில் எங்கள் மனையைத் தேடினேன். விரலை வைத்துத் தெருவோடு நகர்த்திக்கொண்டே போனால், கோடியில் ஒரு பெரிய கட்டம். அதற்குள் 'பார்க்' என்று ஆங்கிலத்தில் நாலே எழுத்து.

"என்னங்க, நம்ம காரை நிறுத்தற இடம் இதுதானே?"

"ஆமா."

"பார்க்னு போட்டிருக்கே?"

"அதெல்லாம் பேப்பர்ல இருக்கும். எங்கே வந்தது?"

"நம்ம வீடும் பேப்பர்ல இருக்கறதனாலதானே நம்ம வீடு?" என்றேன். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேனே தவிர, அன்று இரவு தூக்கம் வரவில்லை. அத்தை விழுந்த இடத்துக்கும் அந்தக் கட்டத்துக்கும் நடுவே நூறு அடிகூட இருக்காது.

பத்தில் ஒரு பங்கு நமக்கு

அதன் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இது ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

தமிழ்நாட்டில் ஒருவர் பெரிய நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்க வேண்டுமானால், தோன்றியபடி பிரித்துவிட முடியாது. சென்னையைச் சுற்றி என்றால் சி.எம்.டி.ஏ. என்ற பெருநகர் வளர்ச்சிக் குழுமம், மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்புத் துறை, வரைபடத்தைப் பார்த்து அனுமதி தர வேண்டும். நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் இருந்தால், சாலைகள் போக மீதியில் 10 சதவிகிதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சியின் பெயருக்கு இலவசமாகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள நிலத்துக்கும் இந்த 10 சதவிகிதம் உண்டு. இடம் விட வழியில்லாதபோது அதற்கு ஈடாகப் பணம் கட்டவும் விதி இடம் தருகிறது.

எங்கள் நகர் எட்டு ஏக்கர். சாலைக்கு இரண்டு ஏக்கர் போனது. மீதி ஆறு. அதில் பத்தில் ஒரு பங்கு 60 சென்ட், கிட்டத்தட்ட 26,000 சதுர அடி. நீலத் தாளில் அளந்து பார்த்தால் அச்சாக அதேதான்!

யோசித்துப் பாருங்கள். மனை விற்றவர் அந்த அறுபது சென்டின் விலையைத் தன் கையிலிருந்தா போட்டிருப்பார்? மற்ற மனைகளின் விலையில் ஏற்றித்தானே விற்றிருப்பார். அப்படியானால் அந்தப் பூங்காவுக்கு நாங்கள் ஒவ்வொருவரும் எப்போதோ பணம் கொடுத்தாகிவிட்டது. வாங்கிய சாமானைத்தான் வீட்டுக்கு எடுத்து வரவில்லை.

வீடு வருமுன் பூங்காவுக்கு இடம் விடுவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. சென்னை ராஜதானியில் 1920-லேயே நகர அமைப்புச் சட்டம் வந்துவிட்டது. அதன் பிறகு மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து தியாகராய நகரை அமைத்தபோது, நடுவில் பனகல் பார்க்குக்கு இடம் விட்டு, அதைச் சுற்றி ரோடுகள் போட்டார்கள். இன்றைக்கு அத்தனை ஜவுளிக்கடை நெரிசலுக்கு நடுவிலும் அந்த மரங்கள் நிற்கின்றன என்றால், அது அன்று தாளில் போட்ட கட்டத்தின் புண்ணியம். 1992-இல் வந்த அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தமும், பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றை நகராட்சிகளுக்கு உரிய காரியங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

முதலில் உங்க காரை எடுங்க!

எதிர்வீட்டு அக்கா, மாடி வீட்டுக் குடித்தனக்காரப் பெண், பின்தெரு டீச்சர் என்று ஏழெட்டுப் பேரைக் கூட்டினேன். நீலத் தாளைக் காட்டினேன். எல்லோரும் "அட, நிஜமாவா!" என்றார்கள். மனுக் கொடுக்கலாம், கொட்டகையைப் பிரிக்கச் சொல்லலாம் என்று நான் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனேன். எதிர்வீட்டு அக்கா மெதுவாகச் சொன்னார்:

"எல்லாம் சரி தங்கச்சி. முதல்ல உங்க வீட்டுக் காரை அங்கேருந்து எடுங்க. அப்புறம் ஊரைக் கேட்கலாம்."

முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. வாஸ்தவம்தானே! கொட்டகைக்காரர் ஒரு மூலையைப் பிடித்தார் என்றால், நாங்கள் இன்னொரு மூலையைப் பிடித்திருந்தோம். குப்பை போட்டதும் வேற்றூர்க்காரர்கள் இல்லை. என் வீட்டு வாழை மட்டையும் தேங்காய் நாரும் எத்தனையோ தடவை அங்கே போயிருக்கின்றன.

என் கணவரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம ஒரு காரை எடுத்துட்டா பார்க் வந்துடுமா?" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அத்தையை வாசல் வரை கையைப் பிடித்து அழைத்து வந்தவர், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். மறுநாள் மெயின் ரோட்டில் மாதம் ஆயிரம் ரூபாய் வாடகைக்கு ஒரு ஷெட் பிடித்துக் காரை அங்கே கொண்டுபோய் விட்டார். வீட்டுச் செலவில் அந்த ஆயிரம் இன்றும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கார் நகர்ந்த பிறகுதான் மற்ற கார்களும் நகர்ந்தன.

தாளுக்குத் தாளால் பதில்

மனுக் கொடுத்தோம். "அந்த இடம் எங்க கணக்கில் இல்லையே அம்மா" என்றார்கள். மனை பிரித்த காலத்தில் எங்கள் ஊர் பஞ்சாயத்து. பிறகு நகராட்சியோடு சேர்ந்தது. அந்த மாற்றத்தில் பழைய பதிவேடு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

பின்தெரு டீச்சர்தான் வழி சொன்னார். மனை வாங்கும்போது வில்லங்கம் பார்ப்போம் இல்லையா, அதையே இந்த இடத்துக்கும் பார்த்தோம். பதிவுத் துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் வில்லங்க விவரத்தைக் காசில்லாமலே பார்க்கலாம். டீச்சரின் மகள் அரை மணி நேரம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். 1988-இல் பஞ்சாயத்து பெயருக்கு எழுதிய தானப் பத்திரம், எண் முதற்கொண்டு, வந்து நின்றது! சார்பதிவாளர் அலுவலகத்தில் பணம் கட்டி நகல் வாங்கிக்கொண்டோம். கூடவே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு விண்ணப்பம்: 'இந்தச் சர்வே எண்ணில் உள்ள பூங்கா இடத்தின் இன்றைய நிலை என்ன?' 2005-ஆம் வருஷத்துச் சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும். இருபத்தேழாம் நாள் பதில் வந்தது. 'நகராட்சிக்குச் சொந்தமான பூங்கா இடம்' என்று ஒரே வரி. அதை நான் பத்துத் தடவையாவது படித்திருப்பேன்.

கொட்டகைக்காரர் சும்மா இருப்பாரா? "இங்கே ஒரு கல்யாண மண்டபம் கட்டலாம், உங்களுக்கும் உபயோகம்தானே" என்று ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார். எங்களில் சிலரே "நல்ல யோசனைதான்" என்று சாய ஆரம்பித்தார்கள். அப்போது எங்களுக்குக் கை கொடுத்தது ஒரு பழைய தீர்ப்பு. பெங்களூரில் ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தவர்கள் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனை நல்ல காரியம்தானே என்று நமக்கும் தோன்றும். ஆனாலும் 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று சொல்லிவிட்டது. தோட்டமும் உலாவும் இடமும் ஒரு காலத்தில் பிரபுக்களுக்கு மட்டும் உரியவையாக இருந்தன, சாமானியருக்கும் அந்த உரிமை உண்டு என்ற எண்ணத்தோடு வளர்ந்ததுதான் பொதுப் பூங்கா என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. மருத்துவமனைக்கே இடம் இல்லை என்றால் மண்டபத்துக்கு ஏது?

நல்ல வேளையாக 2022 பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. 2016-க்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கும் மேலாக நம் நகராட்சிகளில் கவுன்சிலர்களே இல்லாமல், அதிகாரிகளே நிர்வாகம் செய்துவந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு அல்லவா? எங்கள் வார்டுக்கும் ஒரு பெண்ணே வந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாயார். நேரில் வந்து புதரைப் பார்த்தவர், "என் பசங்களுக்கும் விளையாட இடம் இல்லைக்கா" என்றார். அந்த வருஷமே கொட்டகை போனது.

ஃபவுன்டன் வேண்டாம் தம்பி!

பூங்காவுக்குப் பணம் ஒதுக்கினார்கள். இனி எல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்தேன். எதிர்வீட்டு அக்காதான், "பிளானைப் பார்த்தியா?" என்று கேட்டார். இளைஞரான அந்த இன்ஜினீயரை எங்கள் வீட்டுக்கே வரச்சொல்லி, காபி கொடுத்து, வரைபடத்தை விரிக்கச் சொன்னோம். நடுவில் ஃபவுன்டன். வாசலில் பெரிய வளைவு. தரை முழுக்க சிமென்ட் கல். மாடு வராமல் இருக்க ஒரு குறுகலான சுழல் கதவு. பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் தினமும் அங்கே வரப்போவது யார்? நாங்கள் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தோம்.

குடித்தனக்காரப் பெண்ணுக்குக் கைக்குழந்தை. "சுழல் கதவுல தள்ளுவண்டி எப்படி சார் போகும்? சக்கர நாற்காலி?" என்றாள். பக்கத்திலேயே மூன்றடி அகலத்தில் கொண்டி போட்ட சின்னக் கதவும், படிக்குப் பதில் சரிவும் வைப்பதாக முடிவாயிற்று.

நடைபாதை ஐந்தடி அகலம் வேண்டும் என்றோம். இரண்டு பேர் பேசிக்கொண்டே நடந்தால்தான் நடை தொடரும்! வழவழப்பான கல் வேண்டாம், மழையில் வழுக்கும். எங்கும் படி வேண்டாம். மற்ற இடம் மண்ணாகவே இருந்தால்தான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும்.

டீச்சர், பெஞ்சுக்கு முதுகும் கைப்பிடியும் கேட்டார். முழங்கால் வலிக்காரர்களுக்குக் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாதே. அதுவும் மரத்தடியில் இருக்க வேண்டும். வெயிலில் போட்ட பெஞ்சில் யார் உட்காருவார்கள்?

பட்டியலில் அரளிச் செடி இருந்தது. அழகான பூதான். ஆனால் செடி முழுக்க விஷம். குழந்தைகள் பிய்த்து வாயில் வைத்தால் ஆபத்து. அதை எடுத்துவிட்டு வேம்பு, புங்கை, மகிழம் வைக்கச் சொன்னோம். ஓரச் செடிகளை இடுப்பு உயரத்துக்கு மேல் வளரவிடக் கூடாது, பாதை நெடுக விளக்கு வேண்டும் என்று சொன்னது கல்லூரிக்குப் போகிற பெண். அந்தி சாய்ந்த பிறகு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்தே தெரிந்தால்தான் பெண்கள் தைரியமாக வருவார்கள்.

"அம்மா, இவ்வளவும் எஸ்டிமேட்டில் வராதே" என்று இன்ஜினீயர் தலையைச் சொறிந்தார்.

அதுவரை நாற்காலியில் பேசாமல் இருந்த அத்தை வாயைத் திறந்தார். "ஃபவுன்டன் வேண்டாம் தம்பி. ரெண்டு மாசம் ஓடும். அப்புறம் மோட்டார் கெட்டுப் போகும், தண்ணி தேங்கும், கொசு வரும். அந்தக் காசை எடுத்து பெஞ்சியும் விளக்கும் போடு."

டெங்கு பரப்பும் கொசு, தேங்கி நிற்கும் சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடுகிறது என்று நாமெல்லாம் படித்திருக்கிறோம். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டார் அத்தை. இன்ஜினீயர் பேனாவை எடுத்து ஃபவுன்டன் மேல் ஒரு கோடு போட்டார்.

கேட்டது எல்லாம் கிடைத்துவிடவில்லை. பெண்களுக்குக் கழிப்பறை கேட்டோம், இன்னும் வரவில்லை. வளைவு வேண்டாம் என்றோம், அது வந்துவிட்டது! காலை ஒன்பது மணிக்கே கதவைப் பூட்டிவிடுவார்கள். வீட்டு வேலை முடித்து நாம் நிமிர்வதே ஒன்பதரைக்குத்தானே? அதற்கு மட்டும் மறுபடி மனுக் கொடுத்து, பதினொன்று வரை நீட்டி வாங்கினோம்.

உங்கள் நகரில் எப்படி?

சகோதரிகளே, இதைப் படித்துவிட்டு நீங்கள் செய்யக்கூடியது இதுதான். உங்கள் பத்திரப் பையில் மனை வரைபடம் இருக்கிறதா பாருங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அதில் பூங்கா என்றோ, விளையாட்டு இடம் என்றோ, ஓ.எஸ்.ஆர். என்றோ ஒரு கட்டம் இருந்தால் அந்த இடத்துக்கு நடந்து போய், இன்று அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். வில்லங்கம் பாருங்கள். தானப் பத்திர நகலை வாங்குங்கள். மனுவைத் தனியாகக் கொடுக்காமல் பத்துப் பேராகக் கையெழுத்திட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். பணம் ஒதுக்கியதும் ஓய்ந்துவிடாமல், வேலை தொடங்குமுன் பிளானைக் காட்டச் சொல்லுங்கள். சிமென்ட் போட்ட பிறகு சொல்லிப் பயனில்லை.

பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிஷமாவது உடம்பு அசைய வேண்டும், ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகள் செல்போனே கதி என்று கிடக்கிறார்கள் என அலுத்துக்கொள்கிறோமே, ஓடுவதற்கு நாம் இடம் வைத்தோமா?

எங்கள் பூங்கா 2024 பொங்கலுக்கு முன் திறந்தது. ஒரு சுற்று சுமார் 180 மீட்டர். நான் அரை மணியில் பதினோரு சுற்று வருவேன். அத்தை முதல் நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சுற்று வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பிடியை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். இப்போது தடியை ஊன்றிக்கொண்டு தனியாக நாலு சுற்று. அங்கே அவருக்குப் புதிதாக ஐந்தாறு சிநேகிதிகள் வேறு!

போன மாதம் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், "பரவாயில்லையே பாட்டி, நல்லா குறைஞ்சிருக்கே. எங்கே நடக்கிறீங்க?" என்று கேட்டார்.

"எங்க பார்க்குலதான்" என்றார் அத்தை.